பெயரிலும் அளவு குறைக்கலாகாது

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமம் போற்றித் தொடங்குகிறோம்.



நமது கடைகளில் உள்ள தராசுகளை ஆண்டுதோறும் சோதித்து முத்திரையிடுகிறார்கள். முத்திரையில்லாத தராசில் ஒரு கிலோ வெங்காயம் நிறுத்துக் கொடுத்தாலும் அது குற்றமாகும். ஆனால் காலையில் கடை திறந்தது முதல் இரவில் கதவடைக்கும் வரை நாம் ஓயாமல் பயன்படுத்தும் வேறொரு தராசு உண்டு. அதனை எந்த அதிகாரியும் வந்து சோதிப்பதில்லை. அதற்கு முத்திரையும் இல்லை. அதுதான் நமது நாவு. அந்தத் தராசைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

எமது கடையில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தைக் கொண்டே தொடங்குகிறோம். பிறரைக் குறை கூறுவதற்காக அல்ல. குற்றம் யாருடையது என்பதைப் படித்து முடிக்கும்போது நீங்களே அறிவீர்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒருநாள் காலையில் எமது கடைக்குச் சரக்கு வந்தது. லாரியை நிறுத்தி அஞ்சடியில் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தோம். பாதை மறைகிறது என்று மோட்டார் சைக்கிளில் வந்த ஓர் இளைஞர் கோபங்கொண்டு கத்தினார். கத்தியதில் தவறில்லை, லாரி வழியை மறித்துத்தான் நின்றது. ஆனால் போகும்போது ஒரு சொல்லை எறிந்துவிட்டுப் போனார். "கெலிங்" என்பதே அச்சொல். அன்று காலை முழுவதும் எமக்கு வேலை ஓடவில்லை. கல்லாவில் அமர்ந்திருந்த எமக்கு உள்ளம் கொதித்தது. வந்த வாடிக்கையாளரிடமெல்லாம் சொன்னோம். லுஹர் தொழுதுவிட்டு வெளியே வந்து செருப்பை மாட்டும்போதும் அதையே சொன்னோம். இந்த மண்ணிலே பிறந்து, இந்த மண்ணிலே வரி கட்டி, இந்த மண்ணிலேயே பெற்றோரை அடக்கம் செய்திருக்கும் எம்மை ஒரு சிறு பையன் இப்படிச் சொல்வதா என்று கேட்டோம். கேட்டவர்கள் அனைவரும் எம் பக்கமே நியாயம் உண்டு என்றார்கள். நியாயம் எம் பக்கம்தான் இருந்தது.

அதே நாள் மாலையில், "டேய் பங்ளா! அந்த எண்ணெய் டின்னை எடுத்து வா" என்று கூப்பிட்டோம். மூன்றாண்டுகளாக எமது கடையில் வேலை செய்யும் பங்களாதேஷ் தேசத்துச் சகோதரர் ஓடி வந்தார். அவசரத்தில் டின்னின் விளிம்பு அவருடைய உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. இரத்தம் நிற்கவில்லை. காரில் ஏற்றிக்கொண்டு அருகிலிருந்த கிளினிக்கிற்குச் சென்றோம். பதிவு செய்யும் பெண் எம்மைப் பார்த்து, "இவருடைய பெயர் என்ன?" என்று கேட்டார்.

சகோதரர்களே! எமக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவருடைய கடவுச்சீட்டு எமது இரும்புப் பெட்டியில் இல்லை, அவரிடமே இருந்தது. சம்பளப் பட்டியலில் அவர் பெயரைக் கணக்குப் பிள்ளை எழுதுவார். நாம் தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்திடுவோம். மூன்று ஆண்டுகள், ஒரே கூரையின் கீழ், ஜும்ஆ நாளில் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுத மனிதருடைய பெயர் எமக்குத் தெரியவில்லை. துணி சுற்றிய கையை மார்போடு அணைத்துக்கொண்டு அவரே தம் பெயரைச் சொன்னார். அது நபிமார்களில் ஒருவருடைய திருப்பெயர். அந்தப் பெயரை உடையவரைத்தான் மூன்றாண்டுகளாக "டேய் பங்ளா" என்று அழைத்துக்கொண்டிருந்தோம்.

காலையில் எமக்கு அளந்து கொடுக்கப்பட்டது குறைந்துவிட்டதென்று ஊரைக் கூட்டினோம். மாலையில் நாம் அளந்து கொடுத்ததில் எவ்வளவு குறைத்தோம் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. திருமறையில் ஸூரத்துல் முதஃப்பிஃபீன் யாரைக் கண்டிக்கிறது? பிறரிடமிருந்து அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொண்டு, பிறருக்கு அளந்தோ நிறுத்தோ கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்களையே. அரிசிக்கும் துணிக்கும் உரியதென்றே நாம் அந்த அத்தியாயத்தை எண்ணியிருந்தோம். மரியாதையும் அளந்து வாங்கி அளந்து கொடுக்கும் சரக்குதான் என்பது அந்தக் கிளினிக்கின் நாற்காலியில் அமர்ந்திருந்தபோதுதான் எமக்கு விளங்கிற்று.

இனி, ஓர் இனத்தின் பெயர் எவ்வாறு வசைச்சொல்லாக மாறுகிறது என்பதைச் சற்று ஆராய்வோம். முதலில் நமக்கு வலிக்கும் சொல்லையே எடுத்துக்கொள்வோம்.

"கெலிங்" என்பது பிறக்கும்போதே வசைச்சொல்லாகப் பிறந்ததன்று. கலிங்க தேசத்தின் பெயரிலிருந்து வந்த சொல் அது. கலிங்கம் இன்றைய ஒடிசாப் பகுதியில் இருந்த நாடு. அங்கிருந்தும் அதற்குத் தெற்கேயிருந்தும் கப்பலேறி வந்தவர்களை மலாய் மக்கள் அப்பெயரால் அழைத்தார்கள். செஜாரா மெலாயு என்னும் மலாய் வரலாற்று நூலிலே கெலிங் நாடு மதிப்புடனே பேசப்படுகிறது. அந்நாட்டிலிருந்து மலாக்காவுக்கு வந்த மணி புரிந்தான் என்பவருடைய மகள் வயிற்றுப் பேரரே சுல்தான் முஸாஃபர் ஷா என்று அந்நூல் கூறுகிறது. மலாக்காவின் அரியணையில் அமர்ந்தவருடைய தாய்வழிப் பாட்டனாரைக் குறித்த சொல் இழிசொல்லாக இருந்திருக்க முடியுமா?

நமது முன்னோரும் அப்பெயரை மறுக்கவில்லை. மலாக்காவில் 1748-ல் தோன்றிய பள்ளிவாசல் கம்போங் கெலிங் பள்ளி என்றே வழங்குகிறது. பினாங்கில் 1801-ல் தோன்றியது கப்பித்தான் கெலிங் பள்ளி. கெலிங் மக்களுக்குத் தலைவராக, கப்பித்தானாக, இருந்த காதர் முகைதீன் அவர்களின் பதவிப் பெயரே பள்ளிக்கும் பெயராயிற்று. தம்மை இழிவு செய்யும் ஒரு சொல்லை அல்லாஹ்வின் இல்லத்தோடு சேர்த்து வழங்க அப்பெருமக்கள் ஒருநாளும் இசைந்திருக்க மாட்டார்கள்.

பின்னர் காலம் மாறிற்று. கப்பல் ஓட்டி வந்த வர்த்தகர்களின் காலம் மங்கி, வெள்ளையர் ஆட்சியில் தோட்டங்களுக்கும் சாலைகளுக்கும் ஆட்களைக் கொண்டுவந்து குவித்த காலம் வந்தது. 1825 முதல் 1873 வரை இந்தியக் கைதிகளைச் சிங்கப்பூரில் வைத்து வேலை வாங்கினார்கள். அவர்களுடைய கால் விலங்கின் ஓசையிலிருந்துதான் "கெலிங்" என்ற சொல் வந்தது என்று இன்றும் சிலர் சொல்லக் கேட்கிறோம். அது உண்மையன்று. முதல் கைதி இறங்குவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அச்சொல் இங்கே வழக்கில் இருந்தது. ஆயினும் அந்தக் கதை ஓர் உண்மையைக் காட்டுகிறது. சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் மக்களுக்கு விலங்கொலி நினைவுக்கு வரும் அளவிற்கு அச்சொல்லின் மீது காலம் அழுக்கேற்றிவிட்டது. அரசருக்குப் பெண் கொடுத்தவரைக் குறித்த சொல், மூட்டை தூக்குபவரை அதட்டும் சொல்லாயிற்று. அதட்டிய சொல் பிறகு ஏசும் சொல்லாயிற்று.

மூன்று படிகளை இங்கே காண்கிறோம். முதலில் அது ஊரின் பெயர். அடுத்து, அந்த ஊரார் ஏழைகளாகவும் பிறர் கைக்குக் கீழ் வேலை செய்பவர்களாகவும் ஆனபோது அது ஒரு நிலையின் பெயர். அதன் பிறகு, கோபம் வந்தபோதெல்லாம் அந்த நிலையையே சுட்டி எறிந்ததால் அது வசையின் பெயர். சொல்லில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதனைச் சொன்ன வாய் மாறியது. சொல்லும்போது மனத்தில் இருந்தது மாறியது. புதுப்பானையில் பால் காய்ச்சலாம். அதே பானையில் பலகாலம் சாக்கடை நீரை மொண்டு ஊற்றியபின், "இது பால் பானைதானே" என்று விருந்தாளியின் முன் வைக்கலாமா?

இந்த மாற்றம் நேற்று வந்ததன்று. சிங்கப்பூரில் கிளிங் வீதி என்று ஒரு வீதி இருந்தது. அப்பெயரை இந்திய மக்கள் இழிவாகக் கருதியதால் 1920-களின் தொடக்கத்தில் அது சூலியா வீதி என்று மாற்றப்பட்டது. நூறாண்டுகளுக்கு முன்பே நம்மவர்களுக்கு அச்சொல் கசந்துவிட்டது என்பதற்கு அந்த வீதியே சாட்சி. மலேசியாவில் 2003-ல், மொழி நிறுவனத்தின் அகராதியில் அச்சொல் இடம்பெற்றிருந்ததை எதிர்த்து நம்மவர்கள் நீதிமன்றமே சென்றார்கள்.

இங்கே சிலர் ஒரு வாதம் செய்வார்கள். "சொல்லின் மூலம் நல்லதுதானே, அகராதியைப் பாருங்கள், அந்தக் காலத்தில் எல்லோரும் சொன்னதுதானே, இதற்குப் போய்க் கோபிக்கலாமா?" என்பார்கள். இந்த வாதத்திற்குத் திருமறையே விடை தந்திருக்கிறது. ஸூரத்துல் பகராவின் 104-ஆம் வசனத்தை நினைவு கூருங்கள். நபித்தோழர்கள் நாயகம் (ஸல்) அவர்களைத் தம் பக்கம் கவனிக்கும்படி வேண்டும்போது "ராஇனா" என்று சொல்வது வழக்கம். எங்களைக் கவனியுங்கள் என்பதே அதன் பொருள். குற்றமற்ற சொல். ஆனால் பகைமை கொண்ட சிலர் அதே ஓசையைச் சற்றுத் திரித்து ஏளனமாகச் சொல்லத் தொடங்கினார்கள். அப்போது அல்லாஹ் ஈமான் கொண்டவர்களுக்கு என்ன கட்டளையிட்டான்? "உங்கள் எண்ணம் தூயதுதானே, சொல்லிக்கொண்டே இருங்கள்" என்று விட்டுவிடவில்லை. அச்சொல்லை விட்டுவிட்டு "உன்ளுர்னா" என்ற வேறு சொல்லைச் சொல்லும்படி கட்டளையிட்டான்.

சகோதரர்களே! இதிலுள்ள நுட்பத்தைச் சிந்தியுங்கள். ஸஹாபாக்களின் நெஞ்சத்தைவிடத் தூய்மையான நெஞ்சம் எங்கே உண்டு? அவர்கள் நாவில் அச்சொல் அழுக்காகவில்லை. பிறர் நாவில் அழுக்கானது. ஆயினும் அதனை விடும்படி சொல்லப்பட்டவர்கள் அவர்களே. சொல்லின் மூலம் எதுவாயினும், சொல்பவரின் எண்ணம் எதுவாயினும், ஏளனத்திற்குக் கருவியாகிவிட்ட சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்பது முஃமினுக்கு அழகன்று. இதுவே அங்கு நாம் பெறும் பாடம். மேலும் ஸூரத்துல் ஹுஜுராத்தின் 11-ஆம் வசனத்தில், ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை ஏளனம் செய்வதும், ஒருவரையொருவர் பட்டப்பெயர் சூட்டி அழைப்பதும் தடுக்கப்பட்டிருக்கின்றன. அதற்கு ஒரு வசனம் தள்ளி, மக்களைச் சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே என்று கூறப்பட்டிருக்கிறது. இன்னார் இன்ன ஊரார் என்று அறிவது அல்லாஹ் வைத்த ஏற்பாடு. அந்த அறிமுகத்தையே ஆயுதமாக்குவது நாம் செய்த கேடு.

ஆகையால் இனத்தைச் சொல்லும் பெயரெல்லாம் இழிவு என்று எண்ணிவிடலாகாது. ஹபஷாவைச் சேர்ந்த பிலால் (ரலி), ரோமைச் சேர்ந்த ஸுஹைப் (ரலி), பாரசீகத்தைச் சேர்ந்த ஸல்மான் (ரலி) ஆகியோரின் பெயர்களோடு அவரவர் நாட்டின் பெயரும் சேர்ந்தே இன்றுவரை வாழ்கிறது. அதனால் அவர்கள் மதிப்பு உயர்ந்ததே தவிரக் குறையவில்லை. அவ்வாறே பினாங்கிலும் மலாக்காவிலும் உள்ள பள்ளிகளின் பெயர்ப் பலகையைக் கண்டு நாம் வருந்துவதில்லை. அது நமது முன்னோரின் வரலாறு. பலகையில் இருக்கும்போது வரலாறாகும் சொல், முகத்தை நோக்கி எறியும்போது கல்லாகிறது.

அப்படியானால் எது மரியாதை, எது இழிவு என்று தீர்ப்பளிப்பவர் யார்? அகராதி எழுதியவரா? அழைப்பவரா? இல்லை. அந்தப் பெயரைச் சுமப்பவரே. "மாமாக்" என்ற சொல்லைப் பாருங்கள். மாமன் உறவைக் குறிக்கும் சொல்லாகவே நம்மீது வந்து ஒட்டிக்கொண்டது. நம்மில் சிலர் அதைத் தம் உணவுக்கடையின் பெயர்ப்பலகையிலேயே பெருமையாக எழுதி வைத்திருக்கிறார்கள். வேறு சிலர், படித்துப் பட்டம் பெற்ற தம் பிள்ளையைப் பள்ளியிலும் அலுவலகத்திலும் அப்படி அழைத்தால் முகம் சுளிக்கிறார்கள். இருவரும் சொல்வது நியாயமே. தன் தோளில் சுமப்பவனுக்குத்தான் பாரம் தெரியும்.

இதுவரை நமக்கு வரவேண்டிய கணக்கைப் பார்த்தோம். பேரேட்டில் வரவுப் பக்கம் மட்டும் எழுதுபவன் வியாபாரியல்லன். இனிப் பற்றுப் பக்கத்தைத் திறப்போம்.

"கூலி" என்பது நமது தமிழ்ச் சொல். உழைத்தவனுக்குரிய ஊதியம் என்பது அதன் பொருள். உழைப்பாளியின் வியர்வை உலருமுன் அவனுக்குரியதைக் கொடுத்துவிடுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் வலியுறுத்திய அந்த ஹக்கையே நாம் தமிழில் கூலி என்கிறோம். அத்தனை கண்ணியமான சொல் கப்பலேறித் தென்னாப்பிரிக்காவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் சென்றபோது, இந்தியர்களை இழித்துரைக்கும் சொல்லாக மாறிவிட்டது. நமது நாவில் அது ஊதியம். மாற்றார் நாவில் அது வசை.

அதைச் செய்தவர்கள் பிறர் என்று ஆறுதல் கொள்ளலாம். அடுத்த சொல்லுக்கு அந்த ஆறுதலும் இல்லை. மலேசியாவில் 2011-ல் "இன்டர்லோக்" என்னும் மலாய் நாவல் பள்ளிப் பாடநூலாக வைக்கப்பட்டபோது, அதில் இந்தியர்களைக் குறித்து "பாரியா" சாதி என்று எழுதப்பட்டிருந்ததற்காகப் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அந்த ஆண்டின் இறுதியில் அந்நூல் பாடத்திலிருந்து நீக்கப்பட்டது. எதிர்ப்புக் குரல் நியாயமானதே. ஆனால் அந்தச் சொல் எங்கிருந்து போனது? பறை முழக்கிய ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர் அது. அதனை இழிசொல்லாக்கியவர்கள் மலாய்க்காரர்களும் அல்லர், வெள்ளையரும் அல்லர். நமது ஊர்களில் தண்ணீர்க் கிணற்றிலிருந்து அவர்களை விலக்கி வைத்தபோதே அந்தப் பெயரில் நஞ்சு ஏறிவிட்டது. பிறகுதான் அது ஆங்கிலத்திலே ஒதுக்கப்பட்டவனைக் குறிக்கும் சொல்லாயிற்று. மலாய் மொழியிலே தெருநாய்க்கு அடைமொழியாயிற்று. நாமே ஏற்றுமதி செய்த சரக்கு சுற்றிச் சுழன்று நமது வாசலுக்கே திரும்பி வந்தது. முஸ்லிம்களாகிய நாம் இதில் கைகழுவ முடியுமா? கலிமாச் சொன்ன நாவினால் சாதிப் பெயரைச் சொல்லி ஏசியவர்கள் நம்மில் எவருமில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல இயலுமா?

அந்த மக்கள் தம் பெயரைப் பற்றித் தாமே முடிவு செய்தார்கள் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893-ல் தாம் தொடங்கிய பத்திரிகைக்கு அந்தப் பெயரையே துணிந்து சூட்டினார். பின்னர் ஆதி திராவிடர் என்ற பெயர் வேண்டுமென்று கேட்டவர்களின் குரலுக்குச் செவிசாய்த்து, 1922-ல் சென்னை அரசாங்கம் அதனை ஏற்றது. ஒருவர் பழைய பெயரைத் தலைநிமிர்ந்து தாங்கினார். மற்றவர்கள் புதிய பெயரைக் கேட்டுப் பெற்றார்கள். இரண்டும் அவர்களுடைய உரிமை. நமது வேலை அவர்கள் விரும்பும் பெயரால் அழைப்பது ஒன்றே.

மூன்றாவதாக ஒரு சொல்லைச் சொல்கிறோம். "காப்பிரி" என்று ஆப்பிரிக்க மக்களைத் தமிழில் குறிப்பதுண்டு. கறுத்த பிள்ளைக்குக் கேலிப் பெயராக அதனை வீடுகளில் சொல்ல எமது சிறுவயதில் கேட்டிருக்கிறோம். அதன் மூலம் எது தெரியுமா? "காஃபிர்" என்னும் அரபுச் சொல்லே. ஆப்பிரிக்கக் கரையில் வாணிபம் செய்த அரபு வர்த்தகர்கள், இஸ்லாத்தில் இல்லாத அவ்வூர் மக்களை அவ்வாறு குறித்தார்கள். போர்த்துக்கீசியர் அதனைக் கேட்டுத் தம் மொழியில் சேர்த்தார்கள். மார்க்கத்தைக் குறித்த சொல் தோலின் நிறத்தைக் குறிக்கும் சொல்லாயிற்று. தென்னாப்பிரிக்காவில் வெள்ளையரின் நிறவெறி ஆட்சியில் அது மிகக் கொடிய வசையாயிற்று. அச்சொல்லைக் கறுப்பினக் காவலர்கள்மீது சொரிந்த குற்றத்திற்காக அந்நாட்டு நீதிமன்றம் 2018-ல் ஒருவருக்குச் சிறைத்தண்டனையே விதித்தது. அதே சொல்லை இலங்கையில் புத்தளம் பகுதியில் வாழும் ஆப்பிரிக்க வழிவந்த சிறு சமூகத்தார் தமக்குரிய பெயராகவே வைத்திருக்கிறார்கள். சுமப்பவரே நீதிபதி என்று முன்னே சொன்னதற்கு இதுவும் சான்று.

மளிகை வியாபாரிகளான உங்களுக்கு இதில் நேரடித் தொடர்பும் உண்டு. சமையலுக்கு நாம் விற்கும் லீமாவ் பூருட் இலைக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயரில் இதே சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரிட்டனில் வெய்ட்ரோஸ் என்னும் பெரிய அங்காடி நிறுவனம் 2022-ல் அந்தப் பெயரை நீக்கி, "மக்ரூட்" எலுமிச்சை இலை என்று பொட்டலத்தில் அச்சிடுவதாக அறிவித்தது. இலையின் மணம் குறைந்ததா? விற்பனை நின்றதா? ஒரு சொல்லை மாற்றுவதனால் வியாபாரம் கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

இப்போது எமது கடைக்கே திரும்பி வருகிறோம். "பங்ளா" என்பது என்ன சொல்? ஒரு மொழியின் பெயர். அந்த மொழிக்காக 1952-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ல் டாக்காவில் இளைஞர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். 1971-ல் அந்தப் பெயரிலேயே ஒரு நாடு உதித்தது. அவர்களுக்கு அது உயிரினும் இனிய பெயர். ஆனால் இன்று இந்நாட்டில், நமது உணவுக்கடைகளிலும் மளிகைக்கடைகளிலும் அப்பெயரை எப்போது சொல்கிறோம்? வேலை ஏவும்போது சொல்கிறோம். தட்டு உடைந்தால் சொல்கிறோம். கணக்குக் குறைந்தால் சந்தேகத்தோடு சொல்கிறோம். முன்னர் கூறிய மூன்று படிகளை எண்ணிப் பாருங்கள். நாட்டின் பெயர் முதற்படி. ஏழையின் நிலை இரண்டாம் படி. வசை மூன்றாம் படி. மூன்றாம் படியில் அந்தச் சொல்லை ஏற்றிக்கொண்டிருப்பவர்கள் யார்? வெள்ளையரா? இல்லை, சகோதரர்களே, நாமே. நம் பாட்டன்மாரின் பெயருக்கு நேர்ந்ததை மற்றொரு முஸ்லிம் சமூகத்தின் பெயருக்கு நமது வாயால், நமது கடையில், நமது பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே செய்துகொண்டிருக்கிறோம். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, "அந்தக் காலத்தில் எல்லோரும் சொன்னதுதானே" என்று வாதாடுவார்கள்.

அபூதர் (ரலி) அவர்களின் வரலாறு நமக்குத் தெரியாததன்று. அவர்கள் ஒருமுறை ஒருவரோடு சச்சரவிட்டு, அவருடைய தாயைச் சுட்டி இழிவாகப் பேசிவிட்டார்கள். அந்த மனிதர் பிலால் (ரலி) என்றும், நிறத்தைக் குறித்தே பேசினார்கள் என்றும் பயான்களில் சொல்லக் கேட்டிருக்கிறோம். செய்தி நாயகம் (ஸல்) அவர்களின் செவிக்கு எட்டியது. அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் உம்மிடம் இருக்கிறதே என்று அபூதரைக் கண்டித்தார்கள். அத்தோடு நிறுத்தவில்லை. உங்கள் கைக்குக் கீழ் வேலை செய்பவர்கள் உங்கள் சகோதரர்கள். நீங்கள் உண்பதையே அவர்களுக்கும் உண்ணக் கொடுங்கள், உடுப்பதையே உடுக்கக் கொடுங்கள், தாங்க முடியாத வேலையைச் சுமத்தாதீர்கள் என்ற கருத்தையும் அதே மூச்சில் அருளினார்கள்.

ஒரு மனிதரை இழிவாக அழைத்த குற்றத்திற்கும், வேலையாளை நடத்தும் முறைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். எமக்கும் முன்பு அது விளங்கவில்லை, இப்போது விளங்குகிறது. பெயரால் அழைக்காத மனிதனுக்கு ஊதியம் குறைத்துக் கொடுப்பது எளிது. "பங்ளாவுக்கு எதற்கு மின்விசிறி?" என்று கேட்பது எளிது. அதே மனிதரைத் தகப்பன் இட்ட பெயரால் அழைத்துப் பாருங்கள். அப்படிக் கேட்க நாக்கு கூசும். பிற்காலத்தில் அபூதர் (ரலி) அவர்களை ரபதா என்னும் ஊரில் கண்ட ஒருவர், அவர்களும் அவர்களுடைய வேலையாளும் ஒரே விதமான ஆடை அணிந்திருப்பதைக் கண்டு காரணம் கேட்டார். அதற்கு விடையாகத்தான் இந்தச் சம்பவத்தை அவர்களே எடுத்துச் சொன்னார்கள். தம் குற்றத்தைத் தம் வாயாலேயே சொல்லிக் காட்டினார்கள். அதனைப் படித்ததனால்தான் எமது குற்றத்தையும் இங்கே எழுதத் துணிந்தோம்.

ஆகவே, அன்புச் சகோதரர்களே! நமது கடைகளில் இன்றே செய்யக்கூடிய சில காரியங்களை வேண்டிக்கொள்கிறோம். கடையில் உள்ள ஒவ்வொருவரின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சரியாக உச்சரிக்கப் பழகுங்கள். அந்தப் பெயராலேயே அழையுங்கள். மூத்தவராயின் நமது முறைப்படி ஓர் அண்ணனோ பாயோ சேர்த்து அழைத்தால் நமது கௌரவம் குறைந்துவிடாது. சீனர், மலாய்க்காரர், இந்தோனேசியர், நேப்பாளியர் என எவரைப் பற்றியும் கடைக்குள் நமக்குள்ளே தமிழில் பேசும்போதும், அவர்களுக்குப் புரியாது என்ற துணிவில் இழிவாகப் பேசாதீர்கள். அவர்களுக்குப் புரியாவிட்டாலும் அல்லாஹ்வுக்குத் தமிழ் தெரியும். "இந்தச் சொல் எனக்கு வருத்தமளிக்கிறது" என்று ஒருவர் சொன்னால், அகராதியைத் தூக்கி வந்து அவரோடு வழக்காடாதீர்கள். சொல்லை விட்டுவிடுங்கள்.

நம்மை ஒருவர் இழிசொல்லால் அழைத்தால் என்ன செய்வது? வயது முதிர்ந்த மலாய்ப் பாட்டி பழைய வழக்கப்படி அன்பாகச் சொன்னால், அவர் மனத்தைப் பாருங்கள். அவரோடு சண்டை வேண்டாம். ஏளனமாகச் சொல்பவரை அமைதியாகத் திருத்துங்கள். சட்டத்தின் வழி கேட்கவேண்டிய இடத்தில் கேளுங்கள். ஆனால் கேட்கும் முன் நமது தராசையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். குறைத்து நிறுப்பவன் குறைந்துவிட்டது என்று கூவினால் சந்தையில் யார் நம்புவார்?

எமது கடையில் காயம் ஆறிவிட்டது. கையில் தழும்பு இருக்கிறது. அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லை பாஸ், எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்" என்றார். மன்னித்துவிட்டார் என்றே நினைக்கிறோம். ஆனால் அந்த "எல்லோரும்" என்ற சொல் இன்னும் எமது நெஞ்சில் குத்திக்கொண்டிருக்கிறது. அந்த எல்லோரில் நீங்களும் நாமும் இல்லாதபடி ஆக்கிக்கொள்வது நமது கையில்தான் இருக்கிறது.

யா அல்லாஹ்! எங்கள் அளவையையும் நிறுவையையும் நேராக்கியருள்வாயாக. எங்கள் கைத்தராசைக் காப்பது போலவே நாத்தராசையும் காத்தருள்வாயாக. எங்கள் கைக்குக் கீழ் நீ ஒப்படைத்தவர்களின் கண்ணியத்தை நாங்கள் குறைத்தவற்றை மன்னித்து, அவர்களும் எங்களை மன்னிக்கும்படி செய்வாயாக. மறுமையில் எங்களை நல்ல பெயர்களால் அழைப்பாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.